கோட்டை அகழியில் தொடங்குங்கள்: வேலூரில் கேமரா பழகுகிறவர்களுக்கு

புதுசாகக் கேமரா வாங்கினவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?" இரண்டாவது, "ஏலகிரி போகலாமா, ஜவ்வாது மலை போகலாமா?" இரண்டுக்கும் என் பதில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற கோட்டைதான். நான் படமெடுத்துச் சம்பாதிக்கிறவன் இல்லை, ஒரு மருந்துக் கடையில் கணக்குப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என் கேமரா வெளியே வரும். ஆறு வருஷத்தில் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்த ஒரே கோட்டையைத் திரும்பத் திரும்பச் சுற்றியதில் வந்தது. முதல் வருஷம் ஊர் ஊராக அலைந்து எடுத்துத் தள்ளிய நாலாயிரம் படத்தில் இப்போது யாரிடமாவது காட்டுகிற மாதிரி பத்துகூடத் தேறாது.

கேமரா விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கையில் நல்ல போன் இருந்தால் ஆறு மாதம் அதுவே போதும். பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) ஏதாவது கிடைத்தால் அதோடு சேர்ந்து வருகிற 18-55 எம்எம் கிட் லென்ஸோடு வாங்குங்கள், காசு சேர்ந்த பிறகு ஒரு 50 எம்எம் 1.8, அவ்வளவுதான். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் முன்மூடி பின்மூடி இரண்டையும் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் கண்ணை வைத்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழை ஓடினால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். கடைக்காரர் எதிரிலேயே டார்ச் அடிக்கக் கூச்சப்பட்டு நான் வாங்கி வந்த ஒரு லென்ஸ் வீட்டில் பில் பறக்காமல் இருக்க மேலே வைக்கிற கல்லாக இருக்கிறது.

ஒரே சுவர், ஒரே இடம்

முதல் வேலை இது. ஒரு ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு அகழிக்கரைக்குப் போய், மதிலின் ஒரு மூலை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஜூமைத் தொடாதீர்கள். கால் மணிக்கு ஒரு படம், ஒன்பது மணி வரைக்கும். நடுவில் போய் டீ குடிக்கலாம், ஆனால் திரும்பி வந்து அதே கோட்டில்தான் நிற்க வேண்டும்.

போரடிக்கும், சத்தியமாகப் போரடிக்கும், முதல் தடவை ஏழரைக்கே கிளம்பிப் போனவன் நான். முழுசாக இருந்தால் பதிமூன்று பதினாலு படம் வரும், அதை வீட்டில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று படத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சுவர் ஒரே மொத்தையாக நிற்கும். ஆப் ஆறு மணிக்கு உதயம் என்று சொல்லியிருக்கும், ஊருக்குக் கிழக்கே மலை வரிசை இருப்பது அதற்குத் தெரியாது, அதைத் தாண்டி வெயில் சுவருக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நேரமாகும். வந்ததும் பக்கவாட்டில் சரிந்து விழும். அப்போதுதான் ஒவ்வொரு கருங்கல்லின் விளிம்பும் இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கிற பள்ளமும் தனித்தனியாக எழுந்து நிற்கும், உளி பட்ட கொத்துகூடத் தெரியும். வெயில் மேலே ஏற ஏற அது மறுபடி தட்டையாகிவிடும். அந்தச் சுவருக்கு அன்றைக்குக் கிடைத்த நல்ல நேரம் அரை மணிதான். அந்த அரை மணி எது என்று உங்கள் கையில் இருக்கிற பதினாலு படம் காட்டிக்கொடுக்கும்.

இதே வேலையை டிசம்பரில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை செய்யுங்கள். வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கே இருக்கிறது, அதனால் வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும், நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும், நம் நிழல் நம் காலடியிலேயே காணாமல் போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மே, ஜூன், ஜூலையில் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் தள்ளி நிற்கிறது. அதாவது மற்ற மாதங்களில் பெரும்பாலும் நிழலில் கிடக்கிற வடக்குப் பார்த்த மதிலுக்கு அப்போதுதான் வெயில். தெற்கு பார்த்த பக்கம் அழகாக இருப்பது மார்கழியில். நாலு பக்கமும் மதில் இருக்கிற ஒரு கோட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நான் மூன்றாவது வருஷம்தான் கவனித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் என்றால் கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கிழக்கு மலைகளைப் பாருங்கள், மேற்கு வெயில் அந்தப் பாறைகள் மேல் முழுசாக விழும்.

அகழித் தண்ணீரில் மதிலின் பிம்பம் எடுப்பதற்குக் காற்று எழும்புவதற்கு முந்தைய நேரம்தான் சரி. இதில் நிறைய பேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. தண்ணீர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று தண்ணீர் மேல் ஃபோகஸ் வைப்பார்கள், மிதக்கிற இலை தெளிவாக விழும், பிம்பம் கலங்கிப் போகும். பிம்பத்தின் தூரம் என்பது உங்களிடமிருந்து தண்ணீருக்கும், அங்கிருந்து சுவருக்கும் சேர்த்துப் போகிற தூரம். அதனால் நிஜச் சுவரில் ஃபோகஸ் வையுங்கள், எஃப் 8 போடுங்கள் (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும், தெளிவாக விழுகிற ஆழம் கூடும்). பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், நீங்கள் எடுக்க வந்த பிம்பத்தையே அது தின்றுவிடும்.

உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் வேறு மாதிரிப் பள்ளிக்கூடம். பின்னங்காலில் எழும்பி நிற்கிற குதிரையும் யாளியும் வீரனுமாக ஒவ்வொரு தூணும் ஒரு ஊர் மாதிரி இருக்கும். கேமரா விடுகிறார்களா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், கருவறைப் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் தூணை நேருக்கு நேர் நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்தால் குதிரை சுவரில் ஒட்டின போஸ்டர் மாதிரி இருக்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு தூணைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிற இடத்தில் குதிரையின் கழுத்து நரம்பு தெரியும், இன்னும் நாலு அடி தள்ளினால் தெரியாது. வெளியே முற்றத்துத் தரையில் அடிக்கிற வெயில் திரும்பி மேலே எழும்பி தூணின் கீழ்ப்பக்கத்தை மெல்ல ஏற்றிக்கொடுக்கும், பத்து பத்தரைக்கு இது நன்றாக இருக்கும், மற்ற இடத்தில் எல்லாம் படமெடுக்க லாயக்கில்லாத நேரம் அது. வெளி முற்றம் ஃப்ரேமுக்குள் வந்தால் வெளுத்துப்போகும். அதை ஒரு தூணால் மறைத்து நிற்கப் பழகுங்கள்.

இது தொல்லியல் துறை பராமரிக்கிற இடம், ட்ரைபாட் வைக்க அனுமதி வாங்க வேண்டும், ட்ரோன் பேச்சே எடுக்காதீர்கள். அப்புறம் ஒரு விஷயம். 1806-இல் சிப்பாய்கள் எழுந்த கோட்டை என்று படத்துக்குக் கீழே எழுதலாம், படத்துக்குள்ளே எழுத முடியாது. உங்கள் கேமராவுக்கு முன்னால் இருப்பது கல்லும் வெயிலும், மதிலோரம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களும்தான். அந்தப் பையன்களை எடுங்கள்.

வெள்ளை வேட்டியும் கறுப்பு ஆடும்

கேமராவின் மூளை எந்தக் காட்சியைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் ஃப்ரேம் நிறைய நின்றால் வேட்டி துவைக்காத மாதிரி வரும், கறுப்பு ஆடு நிறைய நின்றால் நரைத்துப் போகும். பிளஸ் மைனஸ் பட்டன் இருப்பது இதற்குத்தான். வெள்ளைக்கு பிளஸ் 1, கறுப்புக்கு மைனஸ் 1 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கறுப்பு ஆடு ஒரு வேட்டி கிடைத்தால் ஒரு காலையில் கற்றுக்கொள்ளலாம். போனில் என்றால் முகத்தைத் தொட்டுவிட்டு பக்கத்தில் வருகிற சூரியக் குறியை மேலே கீழே இழுங்கள், அதே வேலைதான்.

சித்திரை வெயிலுக்கு, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரே வேண்டாம். எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டுகிற உணர்திறன்) 100 என்றால் ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/100 விநாடி, சரியாக வரும். எஃப் 8-க்கு வந்தால் 1/400. ஃபிலிம் காலத்து ஆட்களுக்கு இது மனப்பாடம், நாமும் பண்ணி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வெயிலில் ஆள் முகத்தை எடுக்காதீர்கள், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி இருக்கும். ஏதாவது கடைத் திண்ணை நிழலுக்குக் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

நிழலை ரசிக்க வேண்டும் என்றால் ஒரு நாள் விரிஞ்சிபுரம் போய் வாருங்கள், வேலூரிலிருந்து மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், டவுன் பஸ் உண்டு. "விரிஞ்சிபுரம் மதில் அழகு" என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்த மார்க்கபந்தீஸ்வரர் கோயில். உள்ளே தெற்குப் பிராகாரத்தில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது, அரைவட்டமாக எண்கள் வெட்டியிருக்கும், மேலே இருக்கிற பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் நேரம். நான் அங்கே ஒரு விளக்கமாற்றுக் குச்சியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது, படத்தில் பார்க்க முடியும். பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்தவை இப்போதும் எனக்குப் பிடித்த வரிசை.

அதே கோயிலில் கார்த்திகைக் கடைசி ஞாயிறு, கடைஞாயிறு விழா. குழந்தை வேண்டி வந்த பெண்கள் நடுராத்திரியில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி ஈரப்புடவையோடு பிராகாரத்தில் படுத்திருப்பார்கள். "செம ஃப்ரேம்" என்று யாராவது உங்களைக் கூட்டிப் போகலாம். போங்கள், கும்பிடுங்கள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மாடு ஓடும்போது

பொங்கல் முடிந்ததும் நம் மாவட்டத்தில் எருது விடும் விழா தொடங்கிவிடும், மாசி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் நடக்கும். மாடு ஒவ்வொன்றாகத் தடுப்புக்கு நடுவே ஓடும், குறிப்பிட்ட தூரத்தை எவ்வளவு விநாடியில் கடந்தது என்பதுதான் கணக்கு. ஷட்டர் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது, நூறு மாடு ஓடினால் நூறு வாய்ப்பு.

முதல் இருபது மாட்டை 1/1000-இல் எடுங்கள். குளம்பு தரையை விட்டு எழும்பி நிற்கும், புழுதி தனித்தனித் துளியாக நிற்கும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாடு ஓடுகிற மாதிரி இருக்காது, யாரோ தூக்கி வைத்த மாதிரி இருக்கும். அடுத்தது 1/60. இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டி, மாடு வருவதற்கு முன்பே அதைக் கண்ணில் பிடித்து, இடுப்பிலிருந்து உடம்பு முழுசாகத் திரும்ப வேண்டும். நேர் எதிரில் வரும்போது அழுத்துங்கள், அழுத்தின பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். நிறைய பேர் அழுத்தினதும் நின்றுவிடுவார்கள், அங்கேதான் படம் கெடுகிறது. முப்பதில் ஒன்று சரியாக வரும், மாட்டின் கண்ணும் கொம்பும் தெளிவாக, தடுப்புக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் முழுக்க வண்ணக் கோடாக. 1/125-இல் தொடங்கி மெதுவாக இறங்கினால் கை சீக்கிரம் படியும்.

நிற்கிற இடம் மொட்டை மாடியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தடுப்புக்கு நன்றாகப் பின்னால். நான் ஒருமுறை தடுப்போரம் குனிந்து ஐஎஸ்ஓ மாற்றிக்கொண்டிருந்தேன், "வருது வருது" என்று பின்னால் கத்தினார்கள், மாடு என்னைத் தொடவில்லை, தப்பிக்க ஓடினவர்கள் தொட்டுவிட்டார்கள். லென்ஸ் ஹூட் இரண்டாக உடைந்தது, முழங்கை தோல் போனது. கேமராவில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அடுத்த மாடு வருவதற்கு முன்னால் மாற்றி முடித்துவிட வேண்டும்.

தூரத்துப் பயணம் இதற்கெல்லாம் பிறகு. ஏலகிரி பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, பதினாலு கொண்டை ஊசி வளைவு, மழைக்கால மூடுபனி, எல்லோரும் எடுத்த அதே படகு. ஜவ்வாது மலை அப்படி இல்லை. காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தை அங்கே கொண்டுபோய் வைத்ததே இருட்டுக்காகத்தான், அங்கே இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அமாவாசையை ஒட்டி, மாசியிலிருந்து சித்திரைக்குள், தெரிந்தவர் வீடு இருக்கிற கிராமமாகப் பார்த்துத் தங்குங்கள், காட்டு ரோட்டோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்காதீர்கள். கிட் லென்ஸ் 18 எம்எம், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200. எத்தனை விநாடி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸ் நீளத்தால் வகுக்க வேண்டும், நம் சின்ன சென்சார் (படம் பதிகிற சில்லு) கேமராவுக்கு 18-ஐ ஒன்றரையால் பெருக்கி 27, ஆக 18 விநாடி. அதைத் தாண்டினால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக இழுபடும். ஃபோகஸை மேனுவலில் போட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது எவ்வளவு சின்னப் புள்ளியாகிறதோ அதுவரை திருப்புங்கள். ஆய்வகம் பக்கம் டார்ச், ஹெட்லைட் கூடாது.

ஐப்பசி கார்த்திகையில் கேமராவைத் துணிப்பையில் சுற்றி பீரோவுக்குள் வைக்காதீர்கள், ஃபங்கஸுக்குப் பிடித்த வீடு அது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எனக்குக் கடையில் மாத்திரை டப்பாக்களோடு வருவதே போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன்.

மார்க்கெட்

ஆட்களை எடுப்பதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், எனக்கு அது கடைசியாகத்தான் வந்தது. ரொம்ப நாள் பெரிய ஜூம் வைத்து தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டிருந்தேன். நேதாஜி மார்க்கெட்டில் முள் கத்திரிக்காய் விற்கிற ஆயா ஒருத்தர் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னாப்பா, கத்திரிக்காயப் புடிக்கிறியா, என்னியப் புடிக்கிறியா? கிட்ட வந்து புடி!" என்றார். இலவம்பாடிக் காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கினது, அதில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு கிட்டே போனேன்.

அங்கே இரண்டு சிக்கல். மேலே நீலத் தார்ப்பாய், கீழே இருக்கிற முகம், தராசு, காய் எல்லாம் நீலமாகத்தான் விழும். ரா ஃபைலாக (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கிற ஃபைல்) எடுத்தால் வீட்டில் ஓரளவு சரிபண்ணலாம், அதைவிட நல்லது தார்ப்பாய் முடிகிற ஓரத்துக்கு அவர்கள் திரும்புகிற வரைக்கும் காத்திருப்பது, அங்கே திறந்த வானத்து வெளிச்சம் முகத்தில் விழும். இரண்டாவது சிக்கலை நானே உண்டாக்கினேன். புது 50 எம்எம், பின்னால் எல்லாம் மங்க வேண்டும் என்ற ஆசையில் எஃப் 1.8-இல் ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தேன். அந்தத் தூரத்தில் தெளிவாக விழுகிற ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நா எங்கப்பா கீறேன்? காய்தான் கீது."

உண்மைதான். கூடையில் இருந்த காய்களின் முள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருந்தது, ஆயா முகம் ஆவி பிடித்த கண்ணாடி மாதிரி. போன் திரையில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மாதம் நாலு படமாவது பிரிண்ட் போடுங்கள், அதுவும் படத்தில் இருக்கிறவர் கையில் கொடுங்கள், அவர்கள் சொல்வது மாதிரி யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கே இரண்டு மீட்டர் பின்னால் தள்ளி, எஃப் 5.6 வைத்து, கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். அப்போது ஆழம் ஒரு அடிக்கு மேல் கிடைக்கிறது, முகமும் தராசும் இரண்டும் அடங்கிவிடுகிறது.

அந்தப் படத்தைத் தராசுக்குப் பின்னால் தூணில் ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு பக்கத்துப் பூக்கடை அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், வருகிற ஞாயிறு ஏழு மணிக்கு, தார்ப்பாய் ஓரத்தில்.